நாய்களோடு முழுநேர ஆர்.வி. வாழ்க்கை: வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது

அமெரிக்காவில் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு மோட்டார்ஹோமில் (ஆர்.வி. வகைகளில் ஒன்று, வீட்டு வசதிகளோடு தானே ஓடும் வண்டி) ஏறிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் படுக்கை, அடுப்பு, பாத்ரூம், டிவி என்ற வரிசையில்தான் வண்டியைப் பார்க்கிறார்கள். நாய் இருந்தால் இந்த வரிசை உதவாது. அரிசோனாவிலோ டெக்சாஸிலோ வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும்போது நீங்கள் டாக்டரிடம் போயிருப்பீர்கள், நாய்கள் பூட்டிய வண்டிக்குள் தனியாக இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை எந்த வண்டி தாங்கும் என்று முதலில் பாருங்கள். சோபா நிறமெல்லாம் அப்புறம்.

ஆகவே மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். 30 ஆம்ப் வண்டி (நிறுத்துமிடத்தில் 30 ஆம்ப் இணைப்பில் கரண்ட் எடுப்பது) என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட், அவ்வளவுதான். கூரையில் இருக்கும் ஒரு ஏசி நன்றாக ஓடும், ஆனால் வாட்டர் ஹீட்டர் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்க மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழும். நீங்கள் உள்ளே இருந்தால் எழுந்து போய்த் தட்டிவிடலாம், நாய் தட்டாது. 50 ஆம்ப் வண்டியில் இரண்டு லைன்களில் தலா 50 ஆம்ப், மொத்தம் 12,000 வாட். பெரும்பாலும் இரண்டு ஏசி இருக்கும், ஒன்று செத்தாலும் இன்னொன்று ஓடும். முழுநேரம் நாய்களோடு என்றால் என் ஓட்டு 50 ஆம்புக்குத்தான்.

கேம்ப்கிரவுண்டில், அதாவது ஆர்.வி.யை நிறுத்தித் தங்கும் இடத்தில், கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. கரண்ட் போனாலோ உள்ளே சூடு ஏறினாலோ ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால் ‘போட்டுக் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். பல மோட்டார்ஹோம்களில் ஜெனரேட்டர் வண்டியின் டேங்கிலிருந்தே எரிபொருள் எடுக்கும், டேங்க் கால்பாகத்துக்கு வந்ததும் நின்றுவிடும், இல்லாவிட்டால் வண்டியே நகராமல் போய்விடும் என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். எனவே கால் டேங்கோடு வண்டியை நிறுத்திவிட்டு ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் என்று போகாதீர்கள். சிம் கார்டு போட்ட வெப்பநிலை மானிட்டர் ஒன்றும் வாங்குங்கள், உள்ளே சூடு ஏறினால் போனுக்குச் செய்தி வரும். சிக்னல் இல்லாத இடத்தில் அது வெறும் பொம்மைதான், அங்கே நாயைத் தனியாக விடாமல் இருப்பதே வழி.

‘லித்தியம் பேட்டரி இருக்கிறது, சோலார் இருக்கிறது’ என்று விற்பவர் சொல்லும்போது ஒரு கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் (சரியாகச் சொன்னால் 12.8), 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 1,280 வாட்-அவர் இருக்கும். ஒரு ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரம் விடாமல் ஓட 6,000 வாட்-அவர் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட ஐந்து பேட்டரி. இரண்டு பேட்டரியை வைத்துக்கொண்டு ஏசி ஓடும் என்று சொல்வது பொய் இல்லை, எவ்வளவு நேரம் என்பதைத்தான் சொல்லமாட்டார்கள்.

சரி, எந்த வகை? மோட்டார்ஹோம்களில் ஏ, பி, சி என்று மூன்று கிளாஸ். கிளாஸ் பி என்பது ஸ்பிரிண்டர், புரோமாஸ்டர், டிரான்சிட் மாதிரியான வேனுக்குள் கட்டியது. ஓட்ட சுகம், எங்கேயும் நிறுத்தலாம். ஒரு சின்ன நாய் என்றால் யோசிக்கலாம், இரண்டு லாப்ரடாரோடு மழைநாளில் உள்ளே உட்கார்ந்திருந்தால் தெரியும். கிளாஸ் சி பெரும்பாலும் ஃபோர்டு ஈ-450 சேசிஸில் (அடிச்சட்டம்) வரும், ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை. கிளாஸ் ஏ பஸ் மாதிரி, பெட்ரோலில் ஓடுவது என்றால் பெரும்பாலும் ஃபோர்டு எஃப்-53 சேசிஸ். அதன் முன்பக்கப் பெரிய கண்ணாடி வழியாக வெயில் உள்ளே கொட்டும், வெளியிலிருந்து மூடும் திரை கட்டாயம் வேண்டும். ஓடும்போது டேஷ்போர்டு ஏசி பின்னால் படுத்திருக்கும் நாய் வரை வந்து சேராது, அதனால் கோடையில் ஜெனரேட்டரைப் போட்டுக் கூரை ஏசியை ஓடவிட்டுத்தான் பலர் ஓட்டுகிறார்கள்.

எடையை யாரும் முதலில் கேட்பதில்லை, கேட்டாக வேண்டும். வண்டிக்குள் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவு பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் இருக்கும். அதில் 1,500 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் 320, நாய்கள் இரண்டும் 140, 50 கேலன் தண்ணீர் (கேலனுக்கு 8.3 பவுண்டு) 415. மீதி 625 பவுண்டு. அதற்குள் குக்கர், கிரைண்டர், துணி, கருவிகள், மடக்கு நாற்காலி, நாய்க்கூண்டு, 40 பவுண்டு நாய்த்தீனி மூட்டை, வாழ்நாள் சாமான் எல்லாம் அடங்க வேண்டும். நீளமான கிளாஸ் சி வண்டிகளில் இந்த எண் ரொம்பக் குறைவாக இருப்பதுண்டு. அலமாரிகள் நிறைய இருக்கும், நிரப்பத்தான் முடியாது. லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும், வாங்கியபின் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள்.

டீலரிடம் வண்டி எப்போதும் ஸ்லைட்-அவுட்களை (சுவரோடு வெளியே தள்ளி அறையைப் பெரிதாக்கும் பகுதிகள்) விரித்துத்தான் நிற்கும், உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். இப்போது பாத்ரூம் போக முடிகிறதா, ஃபிரிட்ஜ் கதவு திறக்கிறதா, நாய் படுக்கத் தரை இருக்கிறதா? நெடுஞ்சாலை ஓரம் ஓய்விடத்தில் மதியச் சாப்பாடு இப்படித்தான் நடக்கும். நாயை நேரிலேயே கூட்டிப்போங்கள். வாசற்படி கம்பிவலை போலத் துளையோடு இருந்தால் பல நாய்கள் ஏறாது. இடுப்பு வலியுள்ள கிழநாய்க்குச் சாய்வுப்பலகை வைக்க முடியுமா, 70 பவுண்டு நாயை இன்னும் ஐந்து வருடம் கழித்து நீங்கள் தூக்குவீர்களா என்றும் பாருங்கள். ஓடும்போது நாய் இருக்கக் கூண்டை எங்கே போல்ட் போட்டுக் கட்டுவது, அல்லது பெல்ட் மாட்ட எந்த இருக்கை என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஸ்லைடை நகர்த்தும்போது நாய் வெளியே அல்லது கூண்டில் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கார்ப்பெட் வேண்டாம், வினைல் தரை போதும்.

நீளத்தைப் பற்றி ஒன்று. மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங்-டு-தி-சன் சாலையில் அவலாஞ்ச் முதல் ரைசிங் சன் வரை 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டி போக முடியாது, கிளாஸ் சி கூட மாட்டிக்கொள்ளும். பழைய கேம்ப்கிரவுண்டுகளில் இடங்களே சின்னவை. ஆனால் நாயோடு போகிறவர்களுக்குத் தேசியப் பூங்காக்கள் எப்படியும் இறுக்கம்தான்: யெல்லோஸ்டோனில் நாய் நடைபாதைகளிலோ மரப்பலகை நடைமேடைகளிலோ கால் வைக்கக்கூடாது, கிராண்ட் கேன்யனில் தெற்கு விளிம்பின் மேலே நடக்கலாம், கீழே இறங்கக்கூடாது. மெயின் மாநிலத்தின் அகாடியா பூங்கா தாராளம். தேசிய வனங்களும் பி.எல்.எம். (மத்திய அரசின் நில மேலாண்மை அமைப்பு) நிலங்களும் பொதுவாக நாய்களுக்கு இன்னும் வசதி. 62 வயது ஆன குடிமகனுக்கோ கிரீன் கார்டு உள்ளவருக்கோ தேசியப் பூங்கா நுழைவுக்கான வாழ்நாள் சீனியர் பாஸ் 80 டாலர்தான், அதை முதலில் வாங்கிவிடுங்கள்.

என் தேர்வைக் கேட்டால், இருவர், இரண்டு நடுத்தர அல்லது பெரிய நாய்கள், முழுநேரம் என்றால் 30 முதல் 34 அடி வரை பழைய பெட்ரோல் கிளாஸ் ஏ, பின்னால் இழுத்துப்போக ஒரு சின்னக் கார். கார் இல்லாவிட்டால் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வீட்டையே மூட்டை கட்டி ஓட்ட வேண்டும்.

பழையது வாங்கும்போது சுயேச்சையான ஆர்.வி. இன்ஸ்பெக்டர் ஒருவரைப் பணம் கொடுத்துக் கூட்டிப்போங்கள், யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். கூரை ஓரம், ஜன்னல் மூலை, ஸ்லைடு அடி எல்லாவற்றிலும் நீர்க்கசிவைத் தேடுங்கள். டயரின் பக்கவாட்டில் ‘DOT’ என்று தொடங்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஏழு வருடம் ஆனது மாற்ற வேண்டியதுதான், அந்தச் செலவை விலையில் குறையுங்கள். புது வண்டி என்றால் உத்தரவாதத் தாளை வரிவரியாகப் படியுங்கள், முழுநேரம் குடியிருந்தால் செல்லாது என்று எழுதும் தயாரிப்பாளர்கள் உண்டு. இன்சூரன்சும் அப்படித்தான், முழுநேரக் குடியிருப்புக்கான பாலிசி தனி. பிட்புல், ராட்வீலர், டாபர்மன் போன்றவை இருந்தால் சில தனியார் ஆர்.வி. நிறுத்துமிடங்கள் உள்ளேயே விடாது, நீங்கள் மாதக்கணக்கில் தங்க நினைக்கும் இடங்களுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள்.