மாற்று வீல் உங்கள் காருக்குப் பொருந்துமா? சரிபார்க்கும் முறை

போல்ட் துளைகள் ஒத்துப்போனால் வீல் பொருந்திவிட்டது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

1. பிசிடி: துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம். நான்கு துளை வீலில் எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்தால் போதும். ஐந்து துளையில் பக்கத்துப் பக்கத்து மையங்களின் தூரத்தை 1.701-ஆல் பெருக்குங்கள், 67.2 மி.மீ. இருந்தால் பிசிடி 114.3. 98-க்கும் 100-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இழுத்து முறுக்கினால் மாட்டிக்கொள்ளும், ஆனால் போல்ட் சாய்வாக உட்கார்ந்து நாளடைவில் முறியும்.

2. நடுத்துளை: ஹப்பைவிட (காரில் வீல் மாட்டப்படும் நடுப்பகுதி) சிறிதாக இருந்தால் அந்த வீல் வேண்டாம். பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையமான ஹப் ரிங் போடுங்கள். வீல் 73.1, ஹப் 60.1 என்றால் ரிங்கின் வெளிவிட்டமும் உள்விட்டமும் அவையே. ரிங் இல்லாவிட்டால் வீல் மையம் தப்பி, வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும்.

3. அகலமும் ஆஃப்செட்டும்: வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பழையது 7 அங்குலம், ஆஃப்செட் 45. புதியது 8 அங்குலம், ஆஃப்செட் 35 என்று வைப்போம். ஓர் அங்குலம் கூடுவதால் பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஆஃப்செட் 10 குறைவதால் வீல் வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் 22.7 மி.மீ. தள்ளும், உள்பக்கம் 2.7 மி.மீ. நெருங்கும். வெளியே மட்கார்டும் உள்ளே சஸ்பென்ஷனும் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று அளந்து பாருங்கள்.

4. நட்டின் இருக்கை (நட் வீலில் உட்காரும் பரப்பு): இதைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை. கூம்பு, உருண்டை, தட்டை என மூன்று வகை உண்டு. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் மெல்லிய கோடு அளவுக்கே தொடும். இறுகியதுபோல இருக்கும், ஓடும்போது தளரும். பழைய நட் புது வீலுக்கு ஆகும் என்று நம்பாதீர்கள். மரையும் ஒத்திருக்க வேண்டும்: எம்12×1.5-க்கு (12 மி.மீ. விட்டம், மரைகளுக்கு இடையே 1.5 மி.மீ.) எம்12×1.25 ஆகாது. எம்12×1.5 நட் குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும்.

5. சுமை: அச்சின் அதிகபட்ச எடையில் பாதியையாவது ஒவ்வொரு வீலும் தாங்க வேண்டும். 950 கிலோ அச்சுக்கு 475 கிலோ.

6. மாட்டுதல்: ஹப் முகத்திலுள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். நட்டுகளைக் கையாலேயே ஏற்றுங்கள், மரையில் எண்ணெய் தடவாதீர்கள். தடவினால் அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். காரை இறக்கும் முன் வீலைக் கையால் சுற்றி, பிரேக் காலிப்பர் உரசுகிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பிறகு நட்சத்திர வரிசையில் (பக்கத்து நட்டை விட்டு எதிர்ப்பக்க நட்டுக்கு மாறி மாறி), காரின் கையேடு சொல்லும் டார்க்கில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

50 முதல் 100 கி.மீ. ஓடியபின், வீல் ஆறியதும், மீண்டும் டார்க் பாருங்கள். ஏதாவது நட் நன்றாகத் தளர்ந்திருந்தால் இறுக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள். வீலைக் கழற்றி இருக்கையையும் ஹப் முகத்தையும் பாருங்கள்.