மலையில் பாஸ்தா, கடலிலிருந்து இறால்: வீட்டில் செய்யும்போது எங்கே கோட்டை விடுகிறோம்

டிசம்பர் லீவுக்குக் கொழும்பிலிருந்து சித்தப்பா குடும்பம் ஹட்டனுக்கு வந்திருந்தார்கள். சோறும் கறியும் எப்போதும் உள்ளதுதானே, இன்றைக்கு வித்தியாசமாக இருக்கட்டும் என்று காரமான, கிரீம் ஊற்றிய இறால் பாஸ்தா செய்யப் போனேன். மேசைக்கு வந்தது இதுதான்: வெளியே குழைந்து நடுவில் மாவாக இருந்த பென்னே (குழாய் மாதிரிப் பாஸ்தா), அழிறப்பர் மாதிரி இறால், மேலே எண்ணெய் தனியாக, அடியில் திரிந்த பால் மாதிரி திப்பி தனியாக. சித்தப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ரொம்ப மரியாதையாக, "நேத்து வச்ச பருப்பு கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் கறி வைக்கும் கையோடுதான் பாஸ்தாவைத் தொட்டேன், அதுதான் வினை. கறி என்றால் எல்லாவற்றையும் சட்டியில் போட்டு மூடிவிட்டு, பிள்ளையின் ஹோம்வர்க்கைப் பார்த்துவிட்டு, வாசலில் யாரோடாவது நாலு கதை பேசிவிட்டு வந்தாலும் ஒன்றும் ஆகாது, சொல்லப்போனால் இன்னும் ருசியாகத்தான் இருக்கும். இந்தச் சாப்பாடு அந்த வகை கிடையாது. இறாலுக்கு மூன்று நிமிடம், பூண்டுக்கு அரை நிமிடம், பாஸ்தாவுக்குப் பத்து என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு, எல்லாம் ஒன்று சேர்வது கடைசி ஒரு நிமிடத்தில்தான். நம் வீடுகளில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்தக் கணக்கைக் கலக்குவதால் வருவது.

அந்தக் கணக்கில் முதலில் பிசகுவது பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம். அது பொய் இல்லை, ஆனால் நம் ஊருக்கு எழுதினது இல்லை. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம், இங்கே 96 பாகையை ஒட்டியே கொதி வந்துவிடும். நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே சுமார் 94. கேஸை எவ்வளவு கூட்டினாலும் கொதிக்கிற தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது, வேகமாக ஆவியாகும், அவ்வளவுதான். கடலை வேக இங்கே ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மாவிடம் கேட்டால், "மலைத் தண்ணி அப்படித்தான்" என்பார், விஷயம் இதுதான். ஆகவே பாக்கெட்டில் 8 நிமிடம் என்றிருந்தால் ஹட்டனில் 9, 10 ஆகும், நுவரெலியாவில் இன்னும் கொஞ்சம் கூட ஆகலாம். மணிக்கூட்டை நம்பாமல் ஒன்றை எடுத்துக் கடித்து, கடித்த முனையைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் அடுப்பிலிருந்து எடுக்கிற நேரம், மீதி வேக்காடு சோஸில் நடக்கும். புள்ளி மொத்தையாக இருந்தால் இன்னும் ஒரு நிமிடம். புள்ளியே இல்லையென்றால், சரி, இனி வேகமாக வேலையை முடியுங்கள்.

தண்ணீர் நன்றாகத் துள்ளிக் கொதிக்கும் முன் பாஸ்தாவைப் போடுவதும் நமக்கு ஒரு பழக்கம், கேஸ் மிச்சம் என்று நினைப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறினால் மேல்மாவு கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உள்ளே வேகாது. 100 கிராமுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், ஒருவருக்கு 80 முதல் 100 கிராம் பாஸ்தா, லீற்றருக்குப் பத்து கிராம் உப்பு, அதாவது தூள் உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. பாஸ்தாவைப் போட்டவுடன் கொதி அடங்கிவிடும், இந்தக் குளிரில் திரும்ப வர நேரமெடுக்கும், அதனால் கொதி வரும்வரை மூடி வையுங்கள், வந்ததும் திறந்துவிடுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம், அது தண்ணீரில் மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாவில் பூசிக்கொண்டு சோஸை வழுக்கிவிடும்.

அப்புறம் அந்தக் குழாய்த் தண்ணீரில் அலசுகிற வேலை. நூடில்ஸுக்குச் செய்கிறோம், ஃப்ரைட் ரைஸுக்குச் சோற்றை ஆற வைக்கிறோம், அதே கை இங்கேயும் போகிறது. அலசினால் மேலிருக்கும் மாவுப்பசை போய்விடும், அந்தப் பசைதான் கிரீமைப் பிடித்து வைப்பது. அலசாதீர்கள். வடிக்கும் முன் அந்தக் கலங்கல் தண்ணீரில் ஒரு பெரிய கோப்பை எடுத்து வைத்துவிடுங்கள். நான் இதை மறந்து, சிங்க்கில் ஊற்றிவிட்டு, ஆவி அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் நிறைய. இப்போது வடிகட்டிக்குள்ளேயே கோப்பையை வைத்துவிடுகிறேன், அதை எடுக்காமல் வடிக்க முடியாது.

இனி கடலுணவு. மலைநாட்டில் நமக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு லொறியும் நிறைய ஐஸும் இருக்கின்றன. நீர்கொழும்பிலிருந்து வருவதோ, புத்தளம், சிலாபம் பக்கத்துப் பண்ணை இறாலோ, மலையேறித்தான் இங்கே வரவேண்டும். அதனால் "இன்னைக்கு வந்தது" என்று கடைக்காரர் சொல்வதைவிட மூக்கு சொல்வதைக் கேளுங்கள். கடல் வாசம் இருக்கலாம், அமோனியா நெடி இருக்கக்கூடாது. தலை கறுத்து, உடம்போடு சேருமிடத்தில் தொளதொளவென்று கழன்றால் நாளாகிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டதைவிட, ஒழுங்காக உறையவைத்த பாக்கெட் இறால் எவ்வளவோ மேல், இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. தலையோடு ஒரு கிலோ வாங்கினால் உரித்த பிறகு ஏறக்குறைய பாதிதான் கையில் மிஞ்சும், நாலு பேருக்கு அது போதும். வாங்கிய சிலிசிலி பேக்கோடு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வந்து, வீட்டுக்கு வந்ததும் டீ குடித்துவிட்டு, "குளிர்தானே, என்ன ஆகப்போகுது" என்று மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நமக்குக் குளிராக இருப்பது இறாலுக்குப் போதாது.

உறைந்த இறாலைச் சுடுதண்ணீரில் போட்டுக் கரைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். ஓரம் வெந்து வெளுத்துவிடும், நடு இன்னும் ஐஸாக இருக்கும். முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், அவசரம் என்றால் பையை இறுக்கிக் கட்டிப் பச்சைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள், நம் குழாயில் வருவதே ஐஸ் தண்ணீர்தானே. அதைவிட முக்கியம் துடைப்பது. இறால் ஈரமாக இருந்தால் தாச்சியில் வறுபடாது, தன் தண்ணீரிலேயே அவிந்து சாம்பல் நிறமாகும். சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் தூவி, தாச்சி நன்றாகச் சூடானதும் இரண்டு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். இறால் வளைந்து அரைவட்டமாக நிற்கும்போது எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். வாலும் தலைப்பக்கமும் முட்டி முழு வட்டமாகிவிட்டால் எங்கள் வீட்டுக் கதைதான். ஒரு விஷயம், உயரக் கணக்கு இங்கே வராது: தாச்சியில் இருப்பது எண்ணெய், கொதிக்கிற தண்ணீர் இல்லை, அதனால் பாஸ்தாவுக்குக் கூட்டிய நேரத்தை இறாலுக்கும் கூட்டிவிடாதீர்கள்.

கணவாய் போடுவதானால் இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் இறுகிவிடும், பிறகு முக்கால் மணி நேரம் வேகவைத்தால்தான் திரும்ப இளகும். நடுவில் நிறுத்துவதுதான் தப்பு.

தலையையும் ஓட்டையும் பூனைக்குப் போட்டுவிட்டுக் கடையில் வாங்கிய சூப் க்யூபைக் கரைத்து ஊற்றுவது, என் கணக்கில், இதில் மிகப் பெரிய நஷ்டம். ருசி முழுக்க அந்த ஓட்டில்தான். கொஞ்சம் எண்ணெயில் தலைகளைப் போட்டு, அகப்பையின் அடிப்பக்கத்தால் நசுக்கி நசுக்கி வறுங்கள். எண்ணெய் செம்மஞ்சளாக மாறும், வீடு முழுக்க மணக்கும், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு கோப்பை தண்ணீர் விட்டு இருபது நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடித்தால் அதுதான் சோஸுக்கு அடிப்படை. வடித்த பிறகு மிஞ்சியதைப் பூனைக்குக் கொடுக்கலாம், அதுவும் கோபிக்காது.

காரத்தில் நாம் செய்வது, கிரீம் ஊற்றிய பிறகு ருசி பார்த்து "உறைப்பே இல்லையே" என்று மிளகாய்த்தூளை அள்ளிப் போடுவது. மிளகாயின் உறைப்பு கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் வதக்காத தூளைப் பிறகு போட்டால் நிறமும் பச்சை வாசமும்தான் மிஞ்சும், நாக்கில் மாவு மாதிரி நிற்கும். இடித்த செத்தல் மிளகாயை வெங்காயம், பூண்டோடு சேர்த்து எண்ணெயிலேயே, சிறு தீயில், அரை நிமிடம் வதக்குங்கள், கருக விடாதீர்கள், கருகினால் கசக்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை, கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். கிரீம் காரத்தை நன்றாக அமர்த்திவிடும் என்பதால் அந்த நேரத்தில் ருசி பார்த்தால் "கொஞ்சம் கூடிப்போச்சு" என்று தோன்றுகிற அளவு இருக்கட்டும். கொச்சிக்காய் பிடிக்குமென்றால் ஒன்றைப் பொடியாக அரிந்து கடைசியில் தூவலாம். கறித்தூள் வேண்டாம், மஞ்சள் வேண்டவே வேண்டாம், அது பாஸ்தா போட்ட சொதி ஆகிவிடும். வெங்காயத்தைக் குறைத்து நுவரெலியா லீக்ஸின் வெள்ளைப் பகுதியை மெல்லியதாக அரிந்து வதக்கிப் பாருங்கள், கிரீமுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று நம் தோட்டத்தில் இல்லை.

இப்போது திரிகிற பிரச்சினை. கொழுப்பு குறைந்த பாலைக் கொதிக்கிற தக்காளியில் ஊற்றினால் திரியத்தான் செய்யும், புளிப்பும் சூடும் சேர்ந்தால் பாலின் புரதம் கட்டிவிடும். அன்றைக்கு நான் செய்தது அதுதான், அதற்கு மேல் எலுமிச்சம்பழமும் பிழிந்தேன். கொழுப்பு அதிகமுள்ள கிரீம் அவ்வளவு சீக்கிரம் திரியாது, ஆனால் விலையைப் பார்த்தால் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அதற்கு எளிய வழி ஒரு மேசைக்கரண்டி பட்டரில் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை நிறம் மாறாமல் வதக்கி, 250 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுவது. மாவு இருப்பதால் சுலபத்தில் திரியாது. பால்மா என்றால் முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு ஊற்றுங்கள், நேரே தூவினால் உருண்டை உருண்டையாக நிற்கும். தேங்காய்ப்பால் எனக்கும் பிடிக்கும், முதல் பாலைத் தீ குறைத்த பிறகு ஊற்றினால் அருமையாக இருக்கும், தளதளவென்று கொதிக்க விட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். புளிப்பு எதுவானாலும் அடுப்பை அணைத்த பிறகுதான்.

சீஸ் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியர்கள் பெரும்பாலும் கடலுணவுப் பாஸ்தாவில் சீஸ் போட மாட்டார்கள், அது மீனின் ருசியை மூடிவிடும் என்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் போடாமல் விடமாட்டார்கள். அப்படியானால் கொஞ்சமாக, அடுப்பை அணைத்துவிட்டுத் துருவிப் போடுங்கள், கொதிக்கிற சோஸில் போட்டால் நூலாகத் திரண்டு அகப்பையில் ஒட்டிக்கொள்ளும்.

கடைசி ஒரு நிமிடம்தான் முழுச் சமையலும். வதக்கிய மிளகாயோடு இறால் ஓட்டுத் தண்ணீரும் கிரீமும் சேர்ந்த சோஸ் தாச்சியில் தயாராக இருக்க, பாஸ்தாவை வடித்து நேரே அதில் கொட்டி, எடுத்து வைத்த தண்ணீரில் அரைக்கோப்பை விட்டு, பெரிய தீயில் புரட்டுங்கள். "தண்ணியா இருக்கே" என்று பயப்படாதீர்கள், ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும், தட்டில் வைத்த பிறகு இன்னும் இறுகும். இறாலையும் அது விட்ட சாற்றையும் அப்போது சேர்த்தால் போதும்.

இறுகும் என்று சொன்னேனே, நம் ஊரில் அது வேறு கதை. தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து, வெயிலில் வைத்து எடுக்கிற ஊர் இது. குளிர்ந்த பீங்கான் தட்டில் கிரீம் பாஸ்தாவை வைத்தால் மேசைக்குக் கொண்டுபோகும் முன் கட்டியாகிவிடும். பாஸ்தா வடித்த சூடான தண்ணீரைக் கொட்டாமல் தட்டுகளில் கொஞ்சம் ஊற்றி வைத்து, பரிமாறும்போது கொட்டித் துடைத்துவிடுங்கள். எல்லாரையும் முதலில் உட்கார வையுங்கள். மாமா டவுனிலிருந்து வந்துகொண்டிருக்கிறார் என்றால் சோஸோடு நிறுத்திவிட்டு, அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகு பாஸ்தாவைத் தண்ணீரில் போடுங்கள்.

மிஞ்சியதை அப்படியே சூடாக்கினால் இறால் மறுபடி அழிறப்பராகும். இரவே இறாலைப் பொறுக்கித் தனியாக மூடிப் பாஸ்தாவோடு பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் காலையில் அம்மா தாச்சியில் கருவேப்பிலை, கறிமிளகாய், இரண்டு முட்டை போட்டு, அந்தப் பாஸ்தாவைக் கொட்டி, இரண்டு அகப்பையால் கொத்துரொட்டி மாதிரி டக்டக்கென்று கொத்தி, கடைசியில் அந்த இறாலைப் போட்டு நன்றாகச் சூடு ஏறியதும் இறக்கிவிடுவார். உண்மையைச் சொன்னால், இரவில் செய்ததைவிட அதுதான் முதலில் காலியாகும்.