கோழிப்பட்டியைச் சுற்றிச் செடி வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லையில் கம்பி வலை கட்டி நாட்டுக்கோழிகளை விட்ட கையோடு, சுற்றிலும் நாலு செடி வைக்கலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் சூடே சுமார் 41 டிகிரி. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அலகைத் திறந்து, இறக்கையை விரித்து மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நிழலின் அருமை தெரியும். ஆனால் வேலிக்கு வெளியே நின்று, நம் கண்ணுக்கு எது அழகு என்று பார்த்துத்தான் பெரும்பாலும் செடியைத் தேர்ந்தெடுக்கிறோம். உள்ளே இருக்கும் கோழி அதைக் கொத்தும், அதன் அடியில் சீய்க்கும், உதிர்வதைப் பொறுக்கும். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

முதலில் அரளி. தண்ணீர் அதிகம் வேண்டாம், வருடம் முழுக்கப் பூக்கும், ஆடு மாடு வாய் வைக்காது என்று அதை வேலியோரம் வரிசையாக நட்டுவிடுகிறார்கள். இலை, பூ, தண்டு என்று அரளியில் எல்லாமே நஞ்சு. அது இதயத்தைத் தாக்கும். காய்ந்து உதிர்ந்த சருகிலும் விஷம் போவதில்லை. பொன்னரளியின் கொட்டையும் அப்படித்தான். “கோழிக்குத் தெரியும், விஷச்செடியைத் தொடாது” என்பார்கள். நாள் முழுக்கத் தோட்டத்தில் மேய்கிற கோழிக்கு அது ஓரளவு பொருந்தலாம். வலைக்குள் அடைபட்டு, தரையில் ஒரு புல்கூட மிஞ்சாத கோழிக்குப் பொருந்தாது. பச்சையாக எது வலை வழியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது கொத்திப் பார்க்கும்.

வேலிக்கு என்று கேட்டால் அடுத்துக் கிடைப்பது காட்டாமணக்குக் குச்சி. அதன் விதை விஷம். ஆமணக்கு விதையும் விஷம். தானாக முளைத்து நிற்கும் ஊமத்தை, வேலியில் படரும் குன்றிமணிக் கொடி இரண்டையும் பார்த்ததும் வேரோடு பிடுங்கிவிடுங்கள். இவற்றின் காய் வெடித்து விதை பட்டிக்குள் தெறித்தால் பொறுக்கி எடுக்க முடியாது. ஆடு கடிக்காது என்று சொல்லி ஒரு செடியைக் கொடுத்தால், ஏன் கடிக்காது என்று திருப்பிக் கேளுங்கள். முள்ளுக்காக என்றால் சரி, விஷத்துக்காக என்றால் வேண்டாம். கொங்குப் பக்கத்துக் கிளுவை வேலி நமக்குத் தெரிந்ததுதான். முள்ளும் உண்டு, குச்சியை ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். முள் அதிகம் வேண்டாம் என்றால் மருதாணியை நெருக்கி நட்டு வெட்டி வளர்க்கலாம்.

இலைக்காக மரம் வைப்பவர்களுக்கு ஒரு சொல். சவுண்டல் என்கிற சுபாபுல் வேகமாக வளரும், புரதமும் அதிகம். ஆனால் அதன் இலையிலும் விதையிலும் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கோழிக்கு அது ஆகாது. ஆட்டுக்குப் போடுவதுபோல கொத்துக் கொத்தாகத் தொங்கவிடாதீர்கள். கீரைக்கு முருங்கையும் மல்பெரியும் போதும். மல்பெரி குச்சியிலேயே துளிர்க்கும், உதிர்கிற பழத்தைக் கோழி தேடி வந்து தின்னும்.

இனி நான் மிகவும் அஞ்சுகிற விஷயம். செடி நல்லதாக இருக்கும், அதோடு வரும் மண் நல்லதாக இருக்காது. நர்சரியில் வாங்கும் வாழைக்கன்றுக்கும் ரோஜாத் தொட்டிக்கும் வேர்ப்புழு, நூற்புழுவுக்காகக் குருணை மருந்து போட்டிருக்கலாம். கார்போஃபியூரான் என்பது அந்த வகையில் பறவைகளுக்கு மிகக் கொடியது. கோழிக்குப் பல் இல்லை. தின்றதை அரைக்க அது மண்ணிலிருந்து சின்னக் கற்களைத் தேடித் தேடி விழுங்கும். குருணை மருந்தும் அந்தச் சின்னக் கல் அளவில்தான் இருக்கிறது. சிறு பறவையைக் கொல்ல ஒன்றிரண்டு குருணையே போதும். எங்கள் வீட்டில் ஒரு முறை புது வாழைக்கன்றை வைத்த மறுநாள் காலையில் இரண்டு பெட்டைகள் அதன் அடியிலேயே விழுந்து கிடந்தன. மருந்து போட்டதா என்று வாங்கும்போது ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து பட்டிக்குப் பக்கத்தில் வைப்பதை எல்லாம் நானே குச்சியிலோ விதையிலோ வளர்த்துக்கொள்கிறேன். உங்கள் வாழைக்கோ தென்னைக்கோ குருணை போடும் பழக்கம் இருந்தால், கோழி கால் வைக்கும் இடத்தில் அதை அடியோடு நிறுத்துங்கள்.

நிழல் வேண்டும் என்று நாலு பக்கமும் மரம் வைப்பது இன்னொரு தவறு. மேற்குப் பக்கம் அடைத்திருந்தால் போதும், பிற்பகல் வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். கிழக்கைத் திறந்து விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காலை வெயில் விழாத பட்டியில் தரை காயவே காயாது. ஈரத் தரையும் எச்சமும் சேர்ந்தால் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். அந்த நோய்க்கிருமி தரையில் தொற்றும் நிலைக்கு வர ஈரம் வேண்டும்.

முருங்கையை வலையை ஒட்டி வைக்காதீர்கள். காற்றுக்கு முறிகிற மரம் அது, ஒரு கிளை விழுந்தால் வலை கிழியும். பத்தடி தள்ளி வைத்து, வருடம் ஒரு முறை நெஞ்சளவில் வெட்டி விடலாம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பும் என்பதும் தள்ளி வைக்க ஒரு காரணம்.

பாம்பு வராது என்று சிறியாநங்கையைச் சுற்றி நடுகிறார்கள். மூலிகையாக இருந்துவிட்டுப் போகட்டும், காவலுக்கு அதை நம்பாதீர்கள். பாம்பு வருவது எலிக்கும் முட்டைக்கும் குஞ்சுக்கும். சிந்திய தீனியைப் பெருக்கி அள்ளுவதும் அடிப்பக்கம் அரை அங்குல வலை கட்டுவதும்தான் அதைத் தடுக்கும். வலையை ஒட்டிப் புதர் அடர்ந்தால் கீரிக்கும் பாம்புக்கும் நாமே மறைவிடம் கட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். மூன்றடி அகலத்துக்குத் தரை தெரியும்படி வைத்திருங்கள். கூரைமேல் சாயும் கிளையையும் கழித்துவிடுங்கள், மரநாய்க்கு அதுதான் வழி. உள்ளே மட்டும் குட்டையாக ஒரு செடி மறைவு வேண்டும், பருந்து நிழல் தெரிந்ததும் குஞ்சுகள் ஓடி ஒளிய.

அந்தச் செடியை நட்டதும் அப்படியே விட்டுவிட்டால் ஒரே நாளில் சீய்த்து வேரை வெளியே போட்டுவிடும். அடியைச் சுற்றிச் செங்கலோ கனமான கல்லோ இடைவெளி இல்லாமல் அடுக்கி, இடுப்பளவு உயரத்துக்கு வலை சுற்றுங்கள். பழைய பஞ்சாரம் இருந்தால் கவிழ்த்தும் வைக்கலாம். புது எச்சத்தைத் தூரில் கொட்டாதீர்கள், சூடு தாங்காமல் கன்று கருகும். மக்கவைத்துப் போடுங்கள். அவரையோ பீர்க்கையோ கூரைமேல் ஏற்றுவதாக இருந்தால் வெளிப்பக்கம் நட்டு, முதல் இரண்டடிக்குக் கோழிக்கு எட்டாமல் மறைத்து விடுங்கள்.

மேற்கே வைக்கும் வேம்பு நிழல் கொடுக்க மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை சித்திரை பிறக்கும் முன்பே அந்தப் பக்கம் தென்னங்கீற்றைச் சாய்த்துக் கட்டி, உச்சி வேளையில் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து விடுங்கள்.