மாமியார் ஊருக்கு ஆன்லைனில் சாமான் வாங்கும் முன்

பண்டிகைக்கு மாமியார் ஊருக்குப் போகிறவர்கள் தள்ளுபடியைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார்கள். அதற்கு முன் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு: பொருள் சரியில்லை என்றால் அதை எந்த ஊரிலிருந்து, எத்தனை நாளுக்குள், யார் திருப்பி அனுப்புவது? அளவு சரியாக இருக்க வேண்டிய துணிமணி உங்கள் வீட்டுக்கு வரட்டும். தூக்கிக்கொண்டு போக முடியாத மிக்சி, கிரைண்டர், குக்கர் எல்லாம் அவர்கள் வீட்டுக்கே போகட்டும், அதுவும் நீங்கள் அங்கே இருக்கும் நாட்களில்.

டிக்கெட் உறுதியாகும்வரை எதையும் ஆர்டர் போடாதீர்கள். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரி 12 ஆம் தேதி கிளம்ப வேண்டுமென்றால் நவம்பர் 13 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். தேதி கையில் வந்த பிறகு பின்னோக்கி எண்ணுங்கள். புடவை என்றால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே கைக்கு வர வேண்டும், ஏனென்றால் பண்டிகை நெருங்கினால் தையல்காரர் ப்ளவுஸ் துணியை வாங்கவே மாட்டார். சட்டை, வேட்டிக்கு மூன்று வாரம் போதும்: ஒரு வாரம் வந்து சேர, ஒரு வாரம் மாற்ற, ஒரு வாரம் தாமதத்துக்கு.

மாமனாருக்குச் சட்டை எடுக்கும்போது எம், எல் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் எல் இன்னொன்றின் எக்ஸெல். அவருக்குச் சரியாக இருக்கும் பழைய சட்டை ஒன்றைப் பொத்தான் போட்டுத் தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளக்கச் சொல்லுங்கள். 22 அங்குலம் என்றால் சுற்றளவு 44. தளர்வாகப் போடுகிறவருக்கு அது ஏறக்குறைய 40 சைஸ் சட்டை, ஏனென்றால் உடம்பு அளவை விட 4 அங்குலம் விட்டுத்தான் தைப்பார்கள். பட்டியலில் உள்ளது உடம்பு அளவா, சட்டை அளவா என்று பார்க்காமல் 44 என்று போட்டுவிட்டால் சட்டைக்குள் இன்னொருவரும் நுழையலாம். பையில்லாத சட்டையை வாங்கவே வேண்டாம். ஊர்ப் பெரியவருக்கு அது சட்டையே இல்லை.

வேட்டியில் நாலு முழம் ஏறக்குறைய 2 மீட்டர், எட்டு முழம் ஏறக்குறைய 4 மீட்டர். படத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் மடித்து வைத்திருப்பார்கள். மீட்டர் கணக்கைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். புடவைக்கு 5.5 மீட்டரோடு ப்ளவுஸ் துணி 80 செ.மீ. சேர்த்து 6.3 மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பில் ‘சில்க்’ என்று பெரிதாக இருந்தாலும் கீழே துணி வகை என்ற இடத்தில் பாலியஸ்டர் என்றோ ஆர்ட் சில்க் (செயற்கைப் பட்டு) என்றோ இருந்தால் அது பட்டு அல்ல. பட்டு என்றே கொடுக்க நினைத்தால், அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் அட்டை உள்ளதை எடுங்கள். மாமியாருக்குக் கறுப்பு எடுக்கும் முன் உங்கள் துணையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பண்டிகைக்கு அந்த நிறத்தைத் தொடாத வீடுகள் இன்னும் நிறைய.

கனமான சாமானில் தவறு நடப்பது பெரும்பாலும் பிளக்கில்தான். 750 வாட் மிக்சி 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். எந்த சாக்கெட்டிலும் ஓடும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டின் சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்று பிளக் வைத்துச் செருகினால் முதலில் சூடாகும், பிறகு கருகும். ஆர்டர் போடும் முன் சமையலறை சாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரிய துளையுள்ள 16 ஆம்பியர் சாக்கெட் இல்லை என்றால், அடுப்போடு எலக்ட்ரீஷியன் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எர்த் கம்பி உண்மையிலேயே இணைத்திருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லலாம். குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு 3 லிட்டர் போதும், பேரன் பேத்தி வந்து போகும் வீட்டுக்கு 5 லிட்டர். இண்டக்‌ஷனில் வைப்பதென்றால் அதற்கான அடிப்பாகம் உள்ளதா என்று தனியாகப் பாருங்கள். சாதாரண அலுமினியம் அதில் சூடேறாது.

அந்த ஊர்ப் பின்கோடைப் போட்டு இரண்டு விஷயம் சோதிக்க வேண்டும். பொருள் வருமா என்பது ஒன்று, திரும்ப எடுத்துப்போக ஆள் வருவாரா என்பது மற்றொன்று. கொண்டுவந்து கொடுப்பார்கள், ஆனால் திருப்பி அனுப்ப நீங்களே கூரியர் போட வேண்டும் என்கிற கிராமங்கள் உண்டு. ‘மாற்றித் தருவோம், பணம் திரும்பாது’ என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். கூடவே அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் பக்கத்து டவுனில் உள்ளதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் 500 ரூபாய் கூடுதல் கொடுத்து அங்குள்ள கடையிலேயே வாங்குவது மேல். பழுதானால் மாமா நேரே போய்க் கேட்க ஓர் ஆள் இருப்பார்.

முகவரியைத் துணையின் ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். ஒரே பின்கோடில் பல கிராமங்கள் வரும், ஒரே பெயரில் இரண்டு தெருவும் இருக்கும். மாமனார் பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், வட்டம் என்று எழுதி, அடையாளமாகப் பிள்ளையார் கோவிலையோ ரேஷன் கடையையோ குறிப்பிடுங்கள். 2019இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது போன்ற இடங்களில் செயலி பழைய மாவட்டத்தையே காட்டலாம். பின்கோடு சரியாக இருந்தால் கவலை வேண்டாம். தொலைபேசி எண் அங்கே வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும். ஓடிபி உங்கள் எண்ணுக்கு வந்தால் உடனே சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

பார்சல் நீங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே வந்துவிடும் என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: “அத்தை, நான் போன் பண்ணிச் சொன்ன பார்சலை மட்டும் வாங்குங்க. வேற எது வந்தாலும் காசு கொடுக்காதீங்க.” ஆர்டரே போடாத பார்சலைக் கொண்டுவந்து பணம் கேட்கிற மோசடி பெரியவர்களைத்தான் குறிவைக்கிறது. ‘முகவரி தவறு, 5 ரூபாய் கட்டுங்கள்’ என்று வரும் லிங்க்கும் அதே ரகம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழைக்க வேண்டும். விற்றவர் திருப்பி எடுக்க மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் வீடியோவைத் தொடங்குங்கள். மேலே ஒட்டிய லேபிள், டேப்பை வெட்டுவது, உள்ளே இருக்கும் பொருள், எல்லாம் நிறுத்தாமல் ஒரே பதிவில் இருந்தால்தான் ஜார் உடைந்து வந்ததற்கு அது சாட்சி. பிரித்ததும் அன்றைக்கே ஓட்டிப் பாருங்கள். பொங்கலன்று பார்க்கலாம் என்று மூலையில் வைத்த மிக்சிக்கு, மாற்றுவதற்கான ஏழு நாள் பெட்டிக்குள்ளேயே கழிந்துவிடும்.

விலையும் ஒரு சங்கடம். பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி.யைப் பார்த்தால் நீங்கள் ஊதாரி, உள்ளே கிடக்கும் பில்லைப் பார்த்தால் கஞ்சன். பில்லைக் கிழித்துப் போடாதீர்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். படம் எடுத்துக்கொண்டு தாளை உங்கள் பையில் வையுங்கள்.

தின்பண்டத்தை மட்டும் ஆன்லைனில் வாங்கிப் போக வேண்டாம். திருநெல்வேலிக்காரருக்கு அல்வா கொண்டுபோகிற கதையாகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கோவில்பட்டி கடலை மிட்டாயும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பக்கம் போகிறவர்கள் கையை வீசிக்கொண்டு போய், திரும்பும்போது வாங்கி வரலாம்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாரண்டியைப் பதிவு செய்துவிடுங்கள். அதில் உங்கள் எண் வேண்டாம், மாமா எண்ணைக் கொடுங்கள். பழுது பார்க்க வருகிறவர் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.