ஐடிட்டராட் பார்க்கும்போது வரைபடப் புள்ளியை நம்பாதீர்கள்

2014 மார்ச். அலாஸ்காவில் சுமார் 1600 கிலோமீட்டர் ஓடும் ஐடிட்டராட் நாய்வண்டிப் பந்தயம் முடியப் போகிறது. முன்னால் போன ஜெஃப் கிங் புயலில் தடம் மாறி, பந்தயத்தையே விட்டுவிட்டார். அடுத்து வந்த ஆலி ஸர்க்கிள் சேஃப்டி என்ற கடைசி நிறுத்தத்தில் காற்றுக்கு ஒதுங்கிக் காத்திருந்தார். இதெல்லாம் தெரியாமலே டாலஸ் சீவி அவரைத் தாண்டிப் போனார். பின்னால் தெரிந்த தலைவிளக்கு அப்பா மிட்ச் சீவியுடையது, தான் மூன்றாமிடத்துக்கு ஓடுகிறோம் என்றே நினைத்தார். நோம் நகரை அடைந்த பிறகுதான் வென்றது தான்தான் என்று தெரிந்தது. பின்னால் வந்தவர் ஆலி. வித்தியாசம் 2 நிமிடம் 22 விநாடி.

களத்தில் இருப்பவருக்கே இப்படி என்றால், ஜிபிஎஸ் வரைபடத்தைத் திறந்து, முன்னால் தெரியும் புள்ளிதான் முதலிடம் என்று நாம் முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய தப்பு! எல்லோரும் செய்யும் தவறும் இதுதான். ஒவ்வொரு மஷரும் (வண்டி ஓட்டுபவர்) வழியில் ஒருமுறை முழுதாக 24 மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும். அதுபோக யூகான் ஆற்றுப் பகுதியில் 8 மணி நேரம், வொயிட் மவுண்டன் என்ற நிறுத்தத்தில் 8 மணி நேரம். 24 மணி ஓய்வை எங்கே எடுப்பது என்பது அவரவர் விருப்பம். நல்ல அணி ஒரு நாளில் 150 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அப்படியென்றால், இன்னும் ஓய்வெடுக்காமல் 100 கிலோமீட்டர் முன்னால் இருப்பவர் கணக்குப்படி பின்தங்கியவர்தான். எல்லோரும் அந்த ஓய்வை முடிக்கும்வரை தரவரிசையைப் பார்த்துக் கைதட்டாதீர்கள். நானும் முதல் வருடம் தட்டியவன்தான்.

அப்புறம் நாய்களின் எண்ணிக்கை. பதினாறு நாயோடு கிளம்பியவர் பத்து நாயோடு ஓடுவதைப் பார்த்ததும் "மற்றதெல்லாம் செத்துப்போச்சா?" என்று பதறுவார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. சுளுக்கு, களைப்பு, சாப்பிட மறுப்பது என்று எதுவாக இருந்தாலும் அந்த நாயை நிறுத்தத்தில் விட்டுவிடலாம். மருத்துவர்கள் பார்ப்பார்கள், சிறு விமானத்தில் ஊருக்கு அனுப்புவார்கள். முடிவுக்கோட்டில் ஐந்து நாயாவது இருந்தால் போதும். அதற்காகச் சாவே இல்லை என்று வாதாடுவதும் தவறு. 2024-ல் பந்தயத்தின்போது மூன்று நாய்கள் இறந்தன. விலங்கு நல அமைப்புகளின் எதிர்ப்பை அலட்சியமாக ஒதுக்க முடியாது.

"ஐயோ, அந்தக் குளிரில்!" என்ற பரிதாபம்தான் இடம் மாறிப் போகிறது. இந்த நாய்களுக்கு எதிரி வெயில். பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரியில் உற்சாகமாக ஓடும் அணி, வெயில் ஏறி பனி இளகினால் தளர்ந்துவிடும். அதனால் பகல் சூட்டில் படுக்கவைத்து இரவில் ஓட்டுகிறார்கள். ஒரு நாயின் ஒரு நாள் சாப்பாடு சுமார் 10,000 கலோரி. நீலக்கண் சைபீரியன் ஹஸ்கி கூட்டத்தைத் தேடினாலும் ஏமாற்றமே. ஓடுவது பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கி. வேகத்துக்கும் பசிக்கும் பாதத்துக்கும் பார்த்து வளர்த்த கலப்பு, சுமார் 20–25 கிலோ. "மஷ்!" என்ற கூச்சலையும் எதிர்பார்க்காதீர்கள். கிளம்ப "ஹைக்", வலப்பக்கம் "ஜீ", இடப்பக்கம் "ஹா", அவ்வளவுதான்.

தொடக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. மார்ச் முதல் சனிக்கிழமை ஆங்கரேஜ் தெருக்களில் நடப்பது வெறும் ஊர்வலம், நேரக் கணக்கில் சேராது. மறுநாள் வழக்கமாக வில்லோவில்தான் நிஜ ஓட்டம். நமக்கு அது திங்கள் விடிகாலை. பனி போதாத 2017, 2025 போன்ற வருடங்களில் ஃபேர்பேங்க்ஸிலிருந்து வேறு தடத்தில் ஓடினார்கள். அந்த நேரங்களை மற்ற வருடங்களோடு ஒப்பிட்டுச் சாதனை பேசக்கூடாது.

முடிவில் மஷரைப் பார்க்காமல் முன்நாயைப் பாருங்கள். கோட்டை முதலில் தொடும் நாயின் மூக்குதான் கணக்கு. 1978-ல் டிக் மேக்கி, ரிக் ஸ்வென்சனை ஒரே ஒரு விநாடியில் வென்றது அப்படித்தான்.