பழைய அமிகா 500-க்கு ராஸ்பெர்ரி பை வச்சு உயிர் குடுக்கறது எப்படி

1987ல வந்த கமடோர் அமிகா 500 கம்ப்யூட்டர் வீட்ல சும்மா கெடக்குதா, தூக்கிப் போட்றாதீங்க, அதுல இருக்கற மோட்டரோலா 68000 சிப்போட வேகம் வெறும் 7 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனா அந்த சிப்ப கழட்டிட்டு அதே சாக்கெட்ல பைஸ்டார்ம்ங்கற இணைப்பு போர்டு மாட்டி மேல ராஸ்பெர்ரி பை 3ஏ பிளஸ்ங்கற குட்டி கம்ப்யூட்டர வச்சா மெஷின் பறக்கும், கேமோட கலரும் சவுண்டும் மட்டும் அமிகாவோட மத்த பழைய சிப்கள்லருந்தேதான் வரும், எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

முதல்ல அடில இருக்கற மூடியத் தெறந்து உள்ள மாட்டியிருக்கற கூடுதல் மெமரி போர்ட பாருங்க. அதுல இருக்கற பேட்டரி கசிஞ்சு பச்சையா பூத்திருந்தா செம்பு லைனையே அரிச்சுரும், ஒடனே பேட்டரிய வெட்டி எடுத்துட்டு வினிகர் தொட்ட இயர்பட்ஸால தேச்சு, அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைச்சு நல்லா காய விடுங்க.

68000 சிப் 64 கால் உள்ள நீளமான சாமான். ரெண்டு முனையிலயும் மாத்தி மாத்தி நெம்புங்க, அவசரப்பட்டா கால் மடங்கிரும். ஒரு முனைல அரைவட்ட வெட்டு இருக்கும், அது எந்தப் பக்கம்னு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

பைஸ்டார்ம் வாங்கறப்பவே ஃபர்ம்வேர் (போர்டோட உள் சாஃப்ட்வேர்) ஏத்தினதான்னு கேட்ருங்க, இல்லேன்னா பைல லினக்ஸ் போட்டு நீங்களே ஏத்தணும். பையோட எஸ்டி கார்ட ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணி எமு68 (பைய 68000 சிப் மாதிரி நடந்துக்க வைக்கற சாஃப்ட்வேர்) ஃபைல்களையும் கிக்ஸ்டார்ட் ரோம் (அமிகாவ ஸ்டார்ட் பண்ற சாஃப்ட்வேர்) ஃபைலையும் போடுங்க.

பைக்கு தனியா சார்ஜர் குத்தவே கூடாது, கரண்ட் அமிகாலருந்தே வருது, அதனால ஆன் பண்றதுக்கு முன்னாடி பழைய பவர் சப்ளைல 5 வோல்ட் ஒழுங்கா வருதான்னு மல்டிமீட்டர் வச்சு பாத்துக்கங்க. பிளாப்பி டிரைவ் போயிருந்தா அதுக்குப் பதிலா கோடெக் (Gotek) யுஎஸ்பி டிரைவ் போட்டு பென்டிரைவ்லருந்தே கேம் ஓட்டலாம்.