முதலில் வேனைத் தாழ்த்துங்கள், அப்புறம் அலாய் வாங்குங்கள்

பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனைத் தாழ்த்தி அலாய் வீல் போடுவதாக இருந்தால், சஸ்பென்ஷன் வேலையை முதலில் முடியுங்கள். தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், மெத்தை என வழக்கமான சுமையை ஏற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, அதன் பிறகு அளவெடுத்து வீல் வாங்குங்கள்.

காரணம், வேன் தாழும்போது பின்சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும். 1967 வரை வந்த ஸ்விங் ஆக்ஸில் (உள்முனையில் மட்டும் மடங்கும் பின்அச்சு) மாடல்களில் இந்தச் சாய்வு மிக அதிகம். அதனால் தாழ்த்துவதற்கு முன் எடுத்த டயருக்கும் பாடிக்கும் இடையிலான இடைவெளி அளவை நம்ப முடியாது. ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.-இல்) மாறாமல் வீல் ஒரு அங்குலம் அகலமானால் உள்ளே 12.7 மி.மீ., வெளியே 12.7 மி.மீ. கூடும், ஆஃப்செட் எண் 10 குறைந்தால் வீல் முழுசாக 10 மி.மீ. வெளியே வரும். முன்சக்கரத்தை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் எங்கே உரசப் பார்க்கிறது என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உட்பக்கத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பழைய அளவிலேயே, அதே ஆஃப்செட்டில் அலாய் போடுகிறீர்கள் என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். காற்றழுத்தத்தால் உயரத்தை மாற்றும் ஏர் சஸ்பென்ஷன் என்றால் ஓட்டும்போது வைக்கும் மிகத் தாழ்ந்த உயரத்தில் அளவெடுங்கள். எப்படியானாலும், வீலும் டயரும் நிறைசுமையைத் தாங்கும் தரமா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சாதாரண கார் டயர் பெரும்பாலும் இதற்குப் போதாது.